தோணி எதன் குறியீடு? வினாத்தாள் எழுதுகிற தமிழ் ஆசிரியர்மாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும்,

வணக்கம். நான் ஆசிரியன் இல்லை. மட்டக்களப்பில், கல்லடியில் சின்னதாக ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதுகிற டியூஷன் குறிப்பு, மாதிரி விடை, கடந்தகால வினாத்தாள் எல்லாமே ஏதோ ஒரு நாள் என் மெஷினின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழும்பித்தான் பிள்ளைகளின் கைக்குப் போகின்றன. தாள் விழுகிற நேரத்தில் சும்மா நிற்கத் தெரியாமல் வாசித்து வாசித்தே பதினைந்து வருடம் போய்விட்டது. ஆகவே உங்களில் பலருடைய கையெழுத்தை எனக்குத் தெரியும், உங்களுக்கு என்னைத் தெரியாவிட்டாலும்.

இந்த மடல் நான்கு புள்ளியைப் பற்றியது.

போன தவணை, தரம் 10 தமிழ் வினாத்தாளில் பெயரில்லாத ஒரு கதைப்பகுதி வந்தது. வினாத்தாளுக்கென்றே யாரோ எழுதியிருக்க வேண்டும், நன்றாகத்தான் எழுதியிருந்தார். எந்த வலயம், எந்தப் பாடசாலை என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் பேச்சு ஒரு ஆளைச் சுற்றிப் போய்விடும். ஏழு வயதுப் பொடியன் ஒருவன் கதை சொல்கிறான். வளவில் பூவரச மரத்தின் கீழ் அவனுடைய அம்மப்பாவின் தோணி கவிழ்த்துக் கிடக்கிறது. வருடம் தவறாமல் மாரிக்கு முன்னால் அதற்குத் தார் பூசுவார், ஆனால் தண்ணீரில் இறக்கமாட்டார். மழை இருட்டினால் கொடியில் காய்கிற உடுப்பை விட்டுவிட்டு முதலில் தோணியைப் படங்கு போட்டு மூடுவார். ஒருநாள் பொடியன் அதன்மேல் ஏறி இருந்துவிட, இதுவரை அவன்மேல் கைவைத்தே அறியாத மனிசன், அறைந்துவிடுகிறார். சின்ன மாமாவின் படத்துக்கு அம்மம்மா பூ வைப்பா, அம்மப்பா அந்தப் பக்கமே போகமாட்டார். விடியப்புறம் எல்லோரும் எழும்ப முதல் எங்கேயோ போய்வருவார், வரும்போது சாரத்தின் கரை நனைந்திருக்கும். "எங்கயோ தண்ணிக்குள்ள மிதிச்சிட்டார்போல" என்கிறான் பொடியன். கடைசி வரி இது: "அம்மப்பாவுக்குக் கடலப் பிடிக்காது. அதுதான் தோணிய விடுறதில்ல."

பகுதி அவ்வளவுதான். கீழே இருந்த வினாக்களில் இரண்டு: "கடல் பற்றி ஆசிரியர் கூறும் கருத்து யாது?" இரண்டு புள்ளி. "தோணி எதன் குறியீடு?" அதற்கும் இரண்டு புள்ளி.

என் அக்காவின் மகள் இந்தப் பரீட்சை எழுதினாள். முதல் வினாவுக்கு அவள் எழுதியது, கடலைப் பிடிக்காது என்று சொல்வது பொடியன், ஆசிரியர் அப்படிச் சொல்லவில்லை, அம்மப்பா தினமும் கடலுக்குப் போகிறார், சாரம் நனைந்திருப்பது அதனால்தான் என்று. இரண்டாவதற்கு, தோணி சின்ன மாமா என்றும், உடுப்புக்கு முதல் அதை மூடுகிறார், அதில் யாரும் இருக்கவும் கூடாது என்றும் எழுதியிருந்தாள். இரண்டுக்கும் சிவப்புப் பேனையால் பிழை. புள்ளித்திட்டத்தில் இருந்த விடைகள்: "கடல் கொடியது, வெறுக்கத்தக்கது." "வாழ்க்கைப் பயணம்." எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பரீட்சை முடிந்த பின்னேரம் அந்தப் புள்ளித்திட்டம் கொப்பியடிக்க வந்ததும் என் கடைக்குத்தான்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். விடைத்தாளை அவள் கொண்டுவந்து காட்டியபோது நானும் உங்கள் பக்கம்தான் நின்றேன். "தோணி எண்டா வாழ்க்கைப் பயணம்தானே பிள்ள, எல்லா நோட்ஸிலயும் அப்படித்தான் இருக்கு" என்றேன். அவள் சொன்னாள், "மாமா, அது கவுத்துப் போட்டிருக்கு. எங்க பயணம் போகுது?"

எனக்குப் பதில் இல்லை. அன்றைக்குப் பிறகுதான் அந்தப் பகுதியை நான் ஒழுங்காக வாசித்தேன்.

முதலில் அந்த "ஆசிரியர்" என்ற சொல்லைப் பார்ப்போம். தமிழில் இது ஒரு பொல்லாத சொல், கதை எழுதினவருக்கும் அதுதான், வகுப்பில் நிற்கிறவருக்கும் அதுதான். "ஆசிரியர் கூறும் கருத்து யாது" என்று கேட்டுவிட்டு, கதையில் எழுத்தாளர் சொல்லாத ஒன்றைப் புள்ளித்திட்டத்தில் எழுதினால், கடைசியில் பிள்ளை கண்டுபிடிக்க வேண்டியது எந்த ஆசிரியரின் கருத்தை? இதை நக்கலுக்குச் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் இதை எப்போதோ பிடித்துவிட்டார்கள். சேர் என்ன எதிர்பார்ப்பார் என்று யோசித்து எழுதுகிறார்கள், கதையை வாசிப்பதில்லை, ஏ எடுக்கிறார்கள்.

கதையை எழுதுகிறவர் வேறு, கதைக்குள் நின்று அதைச் சொல்கிறவர் வேறு. இது வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருப்பது படுவான்கரை, பொழுது படுகிற கரை. கிழக்கே எழுவான்கரை, பொழுது எழும்புகிற கரை. என் அம்மாவின் ஊர் படுவான்கரைப் பக்கம். அங்கே முற்றத்தில் நின்றால் பொழுது அவர்களின் காலடியில் படுவதில்லை, இன்னும் மேற்கே, வயலுக்கும் காட்டுக்கும் அப்பால்தான் படுகிறது. அப்போ அந்தப் பெயர் யாருடைய கண்ணில் இருந்து வந்தது? இந்தக் கரையில் நின்று அந்தக் கரையைப் பார்த்தவனுடைய கண். எழுவான்கரை என்ற பெயர் அந்தக் கரைக்காரனின் கண். வாவி நடுவில் தோணியில் நிற்கிறவனுக்கு இரண்டுமே சரியாக இருக்கும். ஒரு பெயருக்குள்ளேயே பார்க்கிற ஆள் எங்கே நிற்கிறான் என்பது இருக்கிறதென்றால் ஒரு முழுக் கதைக்குள் இல்லாமல் போகுமா? நோக்குநிலை என்று நீங்கள் கரும்பலகையில் எழுதுகிற சொல்லுக்கு இதைவிடக் கிட்டடி உதாரணம் வேண்டுமென்றால் கல்லடிப் பாலத்தில் ஏறி நின்று இரண்டு பக்கமும் ஒருக்கால் பாருங்கள்.

சின்ன வயதில் அம்மாவின் ஊரில் ஒரு வடமோடிக் கூத்தில் நான் கட்டியகாரனாக ஆடினேன். ஆட்டம் சுமார்தான், குரல் இருந்தது. ஆடுகிற வட்டக்களரியில், கூத்துப் பழக்கின அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், சல்லரிக்காரர் நிற்பார், பிற்பாட்டுக்காரர் நிற்பார்கள், ஏட்டைப் பார்த்து அடி எடுத்துக்கொடுக்கிற மனிசனும் பகிரங்கமாக அங்கேயே நிற்பார். ராசா வரும்போது வரவுப் பாட்டில் "அவர் வருகிறார்" என்று படர்க்கையில் போகும், கொஞ்ச நேரத்தில் அதே ராசா "நான்" என்று தன்வாயால் பேசத் தொடங்குவார். அவர், நான் என்று மாறுகிற அந்த இடத்தில் சபையில் இருந்த ஒரு கிழவிக்கும் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை. துரியோதனன் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனபிறகு, "ஏடு பார்க்கிறவருக்குப் பாண்டவர்மேல் இப்படி ஒரு கோபமா?" என்று யாராவது கேட்டால் அவனைக் கூத்துப் பார்க்க விடுவார்களா? ஏடு பார்க்கிறவர் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போதே அவர் வேறு, பேசுகிற வேசம் வேறு என்று விளங்குகிற சனம் நாங்கள். எழுதினவர் கண்ணுக்குத் தெரியாத அச்சுத் தாளில் மட்டும் ஏன் தடுமாறுகிறோம்?

சங்கப் பாட்டையும் எடுத்துக்கொள்வோம், நீங்கள் படிப்பிக்கிறதுதான். குறுந்தொகை 25.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தா ளன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

அவன் என்னோடு சேர்ந்த அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்ளன் மட்டும்தான், அவன் இல்லையென்று மறுத்தால் நான் என்ன செய்வேன், ஓடுகிற நீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு குருகு இருந்தது, அதுதான் சாட்சி என்கிறாள் ஒரு பெண். பாடினவர் கபிலர். கபிலரை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று இதற்கு உரை எழுதினவர் யாராவது உண்டா? பாட்டின் கீழே "தலைவி கூற்று" என்று இருக்கிறது. கூற்று என்பதே யார் சொல்வது என்ற கேள்விக்கு விடை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. ஆளைப் பெயர் சொல்லிச் சுட்டவும் கூடாது என்று தொல்காப்பியம் அகத்துக்குச் சட்டமே வைத்தது. அந்தச் சொல் நம்மிடம் இருக்கும்போது, ஒரு சிறுகதைப் பகுதியின் கீழே "பொடியன் கூற்று" என்று மனதுக்குள் எழுதிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

அப்படி எழுதிக்கொண்டால் கதை திறக்கிறது. பொடியனின் கண் சரியான கண். தார் பூசுவதைப் பார்க்கிறான், படங்கைப் பார்க்கிறான், நனைந்த சாரத்தைப் பார்க்கிறான், ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவன் எடுக்கிற முடிவுதான் பிழை. அவன் பொய் சொல்லவில்லை, ஏழு வயது, அவ்வளவுதான். அவனுக்குத் தெரிந்ததற்கும் நமக்கு விளங்குகிறதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறதே, அந்த மனிசனின் துக்கம் முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. இதே கதையை எல்லாம் தெரிந்த ஒரு குரல் சொல்லியிருந்தால், மகன் போனதில் இருந்து கிழவர் தோணியை இறக்கவில்லை என்று ஒரு வரியில் முடிந்திருக்கும், நாமும் பாவம் என்றுவிட்டு அடுத்த வினாவுக்குப் போயிருப்போம். அம்மம்மா சொல்லியிருந்தால் படத்துக்கு வைக்கிற பூவில் இருந்து தொடங்கியிருப்பா, தோணி ஒரு ஓரத்தில் கிடந்திருக்கும், ஒருவேளை அதன்மேல் அவவுக்குக் கோபமும் இருந்திருக்கும். எழுதினவர் ஏழு வயதுப் பிள்ளையின் வாயைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. அதை "ஆசிரியர் கூறும் கருத்து" என்று ஒரே வரியில் தட்டையாக்கினால், அந்த வினாத்தாளுக்காக மினக்கெட்டு எழுதினவரின் உழைப்பும் வீண்.

இனிக் குறியீடு. இதில்தான் எனக்கு அதிக கோபம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் மெஷினில் அதிகமாகப் படுத்து எழும்பின தாள் எதுவென்று கேட்டால் ஒரு பட்டியலைச் சொல்வேன். ஆளுக்கு ஆள் கையெழுத்து மாறும், பட்டியல் மாறாது. புறா சமாதானம். விளக்கு அறிவு. தாமரை தூய்மை. வெள்ளை தூய்மை. கறுப்பு துக்கம். சிவப்பு புரட்சி. தோணி வாழ்க்கைப் பயணம். கடல், சிலதில் பரந்த மனம், சிலதில் துன்பம், டியூஷனைப் பொறுத்தது. பரீட்சை நெருங்கினால் ஒரு நாளைக்கு இருநூறு பிரதி போகும். எனக்கு வருமானம்தான், இதை எழுதுவதே என் வயிற்றில் நானே அடிக்கிற வேலை.

வெள்ளை தூய்மையாம். ரோட்டில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தால் நாம் சைக்கிளை மெதுவாக்குகிறோம், அது செத்த வீட்டுக் கொடி. கத்தோலிக்கப் பெண்பிள்ளைக்கு வெள்ளை கல்யாண உடுப்பு. சைவக் கிழவிக்கு வெள்ளைச் சீலை தாலி போனதின் அடையாளம். கல்முனையில் இருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர் உடுத்துகிறதும் வெள்ளைதான். ஒரு மணித்தியாலப் பஸ் பயணத்துக்குள் ஒரே நிறம் நான்கு கதை சொல்கிற ஊரில் இருந்துகொண்டு, "வெள்ளை = தூய்மை" என்று சமன் குறி போட எப்படி மனம் வருகிறது? குருத்தோலைத் தோரணத்தைப் பாருங்கள், அதே ஓலை, அதே கயிறு. பின்னுகிற விதத்தை வைத்தே கல்யாண வீடா செத்த வீடா என்று தூரத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஓலைக்கென்று ஒரு பொருள் இல்லை. எங்கே, எப்படிக் கட்டியிருக்கிறது என்பதில்தான் பொருள்.

எனக்கு விளங்கின அளவில், பிரச்சினை சின்னத்தையும் குறியீட்டையும் ஒன்றாக்கியதில் வருகிறது. தேர்தல் வந்தால் வீடு, மரம், படகு என்று சுவர் முழுக்க ஒட்டுகிறார்கள். அவை சின்னங்கள். தேர்தல் ஆணைக்குழு ஒதுக்கிக் கொடுத்தது, திருகோணமலையிலும் அதுதான், பொத்துவிலிலும் அதுதான், விளங்கிக்கொள்ளக் கதை தேவையில்லை, புள்ளடி போட்டால் போதும். குறியீடு அப்படி யாரும் ஒதுக்கிக் கொடுப்பதில்லை. அதை அந்தக் கதையே, தன் வரிகளால், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறது. அடுத்த கதைக்குள் அதே பொருள் வெறும் பொருளாகவே கிடக்கலாம். ஒரு கதையில் தோணி மீன்பிடிக்கிற தோணியாக மட்டும் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், பாவம், மீன் பிடிக்கட்டும். உங்கள் பட்டியல் குறியீடுகளை எல்லாம் சின்னமாக்கிவிட்டது. பிள்ளைகள் புள்ளடி போடுகிறார்கள்.

சில இடத்தில் எழுதினவரே பூட்டையும் தந்து திறப்பையும் தருவார். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளின் பாட்டு நம் எல்லோருக்கும் பாடம். வெள்ளை மல்லிகையா, வேறு எந்தப் பூவா என்று கேட்டுவிட்டு, "உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது" என்று தானே சொல்லிவிடுகிறார். அங்கே "எதன் குறியீடு" என்று கேட்பது நியாயம், விடை பாட்டுக்குள் இருக்கிறது. ஆனால் கபிலரின் குருகுக்கு அப்படித் திறப்பு இல்லை. அது சாட்சியா? மீனையே பார்த்துக்கொண்டு நின்றது எதைக் கண்டிருக்கும்? வாய் திறந்து சொல்லவும் போவதில்லை. அல்லது அந்தக் குருகு அவனேதானா, தனக்கு வேண்டிய மீன் வரும்வரை அசையாமல் நின்று, வந்ததும் கொத்திக்கொண்டு பறந்துபோனவன்? எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஒரு நண்பருக்கு முதலாவது, சாட்சியில்லாத பெண் ஒரு பறவையைக் கூப்பிடுகிற பரிதாபம் அவருக்குப் பெரிதாகத் தெரிகிறது. விடியக்காலை வாவி ஓரத்தில் ஒற்றைக்காலில் நிற்கிற கொக்கைப் பார்க்கிறபோதெல்லாம் இந்தச் சண்டை எனக்கு நினைவு வரும். நாங்கள் இரண்டு பேரும் காட்டுவது அதே ஐந்து வரியைத்தான்.

இங்கேதான் நீங்கள் கேட்கப்போகிற கேள்வி வருகிறது. அப்படியென்றால் பிள்ளை எழுதுகிறது எல்லாம் சரியா?

இல்லை. அந்தத் தோணிப் பகுதியை வாசித்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது 2004 டிசம்பர் 26. இந்தக் கரையில் இருக்கிறவனுக்கு அது வராமல் இராது. ஆனால் அந்தப் பகுதியில் சுனாமி என்று ஒரு சொல்லும் இல்லை. சின்ன மாமா எப்படிப் போனார் என்பதும் இல்லை, கடலில்தான் போனாரா என்றுகூட இல்லை. அது எனக்குள் இருந்து வந்தது. ஒரு பிள்ளை "தோணி சுனாமியின் குறியீடு" என்று எழுதினால் எந்த வரி என்று கேளுங்கள், காட்ட முடியாவிட்டால் புள்ளி போடாதீர்கள். ஆனால் தயவுசெய்து வெறும் பிழைக் குறி போட்டுவிட்டுத் தாளைப் புரட்டாதீர்கள், பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பிள்ளை சுனாமி அடித்த நாவலடியில் இருந்து வருகிறதா என்று உங்களுக்குத் தெரியாது. "வாழ்க்கைப் பயணம்" என்று எழுதினவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள், எந்த வரி? கவிழ்த்துக் கிடக்கிற, ஒருநாளும் இறங்காத தோணியில் பயணத்தைக் காட்டும் வரி எது?

கண்ணகி கதையை நினைத்துப் பாருங்கள். வைகாசி வந்தால் நம் அம்மன் கோயில்களில் கண்ணகி வழக்குரை பாடி, அவளைக் குளிரப்பண்ணுகிற குளிர்த்திச் சடங்கு செய்கிறோம். இளங்கோ சொல்கிற கண்ணகி மானாய்கனின் மகள். நம் கோயிலில் பாடுகிற கண்ணகி மாங்கனியில் பிறந்தவள். ஆள் ஒன்று, சொல்கிறவர் மாறியதும் ஒருத்தி வணிகன் வீட்டுப் பெண், மற்றவள் குளிரப்பண்ண வேண்டிய தெய்வம். அது ஒரு பக்கம். நான் சொல்லவந்தது சிலம்பை. என் சிலம்பு கற்பின் குறியீடு என்று அவள் சபையில் விளக்கவுரை சொல்லவில்லை. உள்ளே இருப்பது மாணிக்கம் என்றாள், அரசன் தன் சிலம்பில் இருப்பது முத்து என்றான், அவள் உடைத்துக் காட்டினாள், பரல் அரசன் முகத்துக்கு நேரே தெறித்தது. வழக்கு அதோடு முடிந்தது. என் மருமகளும் அதைத்தானே செய்தாள்? தோணி சின்ன மாமா என்றாள், படங்கையும் அறையையும் உடைத்துக் காட்டினாள். பாண்டியனுக்காவது "யானே கள்வன்" என்று சொல்லும் நேர்மை இருந்தது.

சரி, இது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. கட்டுக் கட்டாக விடைத்தாள், ஒரு கிழமை தவணை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு நியாயம் பார்க்க ஏலாது, ஒருவர் இரண்டு போட்டு மற்றவர் பூச்சியம் போட்டால் பெற்றோர் வாசலில் வந்து நிற்பார்கள், அதற்காகத்தான் புள்ளித்திட்டம். பொது அளவு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பொருளுக்குப் பொது அளவு வைக்காமல் ஆதாரத்துக்கு வைக்கலாமே. "தோணி எதன் குறியீடு" என்பதை, "தோணி உங்களுக்கு எதை உணர்த்துகிறது? பகுதியில் இருந்து இரண்டு ஆதாரம் தருக" என்று மாற்றினால், கருத்துக்கு ஒன்று, ஆதாரத்துக்கு மூன்று என்று பிரித்துக் கொடுக்கலாம், திருத்துகிற நேரமும் பெரிதாகக் கூடாது, பட்டியலைப் பாடமாக்கினவன் ஒன்றோடு நிற்பான். "ஆசிரியர் கூறும் கருத்து" இருக்கிற இடத்தில், "கதையைச் சொல்பவர் யார்? அவருக்கு விளங்காமல் போனது எது?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியை ஒரேயொரு தவணை கேட்டுப் பாருங்கள். பத்து வருடப் பட்டியல் கொப்பி எல்லாம் பழைய பேப்பர்காரனிடம் போகும். என் நட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு விசயம், நீளமாகிறதென்றாலும் சொல்லாமல் விட மனமில்லை. மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்கிறோம், வளைவில் வைத்திருக்கிறோம், படமாக வரைகிறோம், அது நமக்குச் சின்னமாகிவிட்டது. வாவியில் இரவில் கேட்கிற அந்த ஒலியைப் பற்றி எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 1859 இல் வெளியான தன்னுடைய இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். அவர் காதுக்கு அது கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கிற மாதிரி, இசை மாதிரி. ஆனால் அவர் விசாரித்த மீன்பிடிக்காரர்கள், அது மீன் இல்லை, ஒரு ஊரி, அதாவது ஓட்டுக்குள் இருக்கிற நத்தை மாதிரியான ஒன்று என்றிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன பெயரை ஆங்கில எழுத்தில் தனக்குக் கேட்டபடி பிடித்து வைத்து, அழுகிற ஊரி என்று பொருளும் எழுதியிருக்கிறார். அந்த எழுத்துக்களை நம் வாயால் சொல்லிப் பார்த்தால் "ஊரி குளறுகிறது" என்பதுபோல வருகிறது. குளறுவதென்றால் நமக்கு என்ன என்று தெரியும், செத்த வீட்டில் கேட்பது. ஒரே வாவி, ஒரே ஒலி. வெளியில் இருந்து வந்து கேட்டவருக்குப் பாட்டு, தண்ணீரில் தொழில் செய்தவருக்கு அழுகை. இதை மருமகளுக்குச் சொன்னபோது அவள் கேட்டாள், "அப்ப நாங்க ஏன் மாமா பாடும் மீன் எண்டத மட்டும் வெச்சிருக்கம்?" இதை ஒரு கட்டுரைத் தலைப்பாகக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். என்ன எழுதுவார்களோ தெரியாது, பட்டியலில் இருக்காது.

விடைத்தாள் என் கடை மேசை லாச்சியில் இருக்கிறது. புள்ளி முக்கியமில்லை என்று பெரிய மனிசத்தனமாகச் சொல்ல மாட்டேன், அவளுக்கு அந்த நான்கும் வேண்டும், எனக்கும் வேண்டும். மீளத் திருத்த வழி இருந்தால் திருத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த தவணைப் பரீட்சை முடிந்த பின்னேரம் யாரோ ஒருவர் புள்ளித்திட்டத்தைக் கொப்பியடிக்கக் கொண்டுவருவீர்கள்தானே. தாள் விழுகிற நேரத்தில் நான் வாசித்துக்கொண்டு நிற்பேன்.

இப்படிக்கு,
கல்லடி போட்டோக்கொப்பிக்காரன்